உஷார்! தொலைந்த கோழியைத் தேடும் கை பத்திரம்

விளக்கு வைக்கிற நேரம். கூட்டை மூடப் போனால் ஒரு பெட்டை குறைகிறது. அடுத்த அரை மணி நேரத்தில் அந்த வீட்டில் நடக்கப்போவது தெரிந்த கதைதான். ஆயா விறகு அடுக்குக்குள் கையை விட்டுத் துழாவுவார். பையன் செல்போன் வெளிச்சத்தோடு, காலில் செருப்புகூட இல்லாமல், பின்பக்கப் புதருக்குள் நுழைவான். வீட்டுக்காரர் கிணற்று மூடியைத் தூக்கிவிட்டுக் குனிவார். அம்மா பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று குரல் கொடுப்பார். முதல் மூன்றும் ஆளைக் கொல்லக்கூடிய காரியங்கள். நாலாவது, பத்து வருஷப் பகைக்குப் பிள்ளையார் சுழி. கோழி காணோம் என்றதும் ஓடாதீர்கள். ஒரு நிமிஷம் நின்று, இதைப் படித்துவிட்டுத் தேடுங்கள்.

நம் செங்கல்பட்டு மாவட்டப் பொத்தேரியில் இன்னுமா கோழி வளர்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் ஜி.எஸ்.டி. சாலையோடு திரும்பிப் போனவர்கள். பல்கலைக்கழகக் கட்டடங்கள், ஆஸ்பத்திரி, விடுதிகள், பிரியாணிக் கடைகள் என்று சாலையிலிருந்து தெரியும் ஊர் வேறு. ஏரிப் பக்கமும் பழைய தெருக்களிலும் பஞ்சாரமும் கூடும் இன்னும் இருக்கின்றன. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், காட்டாங்குளத்தூர் எல்லாம் அப்படித்தான். பாதி கிராமம், பாதி நகரம். கோழிக்கும் கோழியைத் தேடுபவருக்கும் இந்தப் பாதிப் பாதிதான் ஆபத்து. பழைய கிணறு அப்படியே இருக்கிறது, பக்கத்தில் புதிய கட்டடத்துக்குத் தோண்டிய குழியும் இருக்கிறது. புதர் இருக்கிறது, புதரில் கொட்டிய கட்டடக் கழிவும் இருக்கிறது. நரியும் கீரியும் முழுசாகப் போகவில்லை, தெருநாய்க் கூட்டமும் வந்துவிட்டது.

முதலில் கிணறு. 1995 ஜூலை 31 அன்று எகிப்தில், கெய்ரோவுக்குத் தெற்கே உள்ள நஸ்லத் இமாரா என்ற கிராமத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு கோழி கிணற்றில் விழுந்துவிட்டது. சுமார் 60 அடிக் கிணறு. அதைத் தூக்க 18 வயதுப் பையன் இறங்கினான், மூழ்கிவிட்டான். அவனைக் காப்பாற்ற அவனுடைய சகோதரியும் இரண்டு சகோதரர்களும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். மூவரும் மேலே வரவில்லை. உதவிக்கு ஓடிவந்த வயதான விவசாயிகள் இருவர் இறங்கினார்கள். அவர்களும் போனார்கள். மொத்தம் ஆறு பேர். சடலங்களை எடுத்தவர்கள் கோழியையும் எடுத்தார்கள். அது உயிரோடு இருந்தது. உலகமெங்கும் பத்திரிகைகள் இதை விநோதச் செய்தியாகப் போட்டன. எனக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. முதல் ஆள் கோழிக்காக இறங்கினான். மற்ற ஐந்து பேரும் மனிதர்களுக்காக இறங்கினார்கள். நம் ஊர்க் கிணறுகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் இரண்டு மூன்று பேராகச் சாகிற செய்திகளைப் படித்துப் பாருங்கள், இதே வரிசைதான்: முதலில் ஒருவர், அவரைத் தூக்க இன்னொருவர்.

பயன்படுத்தாத கிணற்றின் அடியில் காற்று இருக்கும், போதுமான பிராணவாயு இல்லாமல் போகலாம். கனமான கரியமில வாயு கீழே தங்கிவிடும். இறங்குகிறவர் சுதாரிப்பதற்குள், இரண்டு மூன்று மூச்சில் தலை சுற்றிக் கை நழுவிவிடும். செப்டிக் டேங்க் அதைவிடக் கொடியது. அங்கே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற வாயு அது. அளவு கூடும்போது மூக்கின் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதே, இனி இறங்கலாம் என்று நினைத்தால் முடிந்தது கதை. பெரியவர்கள் கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் பிராணவாயு குறைவு, அதுவரை சரி. ஆனால் எரிகிற விளக்கு விஷவாயு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. செப்டிக் டேங்கில் அதே விளக்கை இறக்கினால் மீத்தேன் பற்றிக்கொண்டு வெடிக்கலாம்.

நம் பகுதியில் கிணற்றைவிட அதிகம் இருப்பது சம்ப். வீட்டு வாசலிலேயே தரைக்குக் கீழே இருக்கும். தண்ணீர் லாரி வந்துபோன பிறகு மூடியைப் பாதி சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போவது பல வீடுகளில் வழக்கம். கோழி அதன் விளிம்பில் ஏறித் தண்ணீர் குடிக்கப் பார்க்கும். விழுந்தால் இறகு நனைந்து ஊறும்வரை கொஞ்ச நேரம் மிதக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு அகலமான கூடையில் கயிறு கட்டி, அது அமிழ்கிற மாதிரி உள்ளே ஒரு கல்லைப் போட்டு இறக்கி, கோழிக்கு அடியில் கொண்டுபோய்த் தூக்குவது. அல்லது ஒரு பலகையை மிதக்க விடுங்கள், அது தானாகத் தொற்றிக்கொள்ளும். வாளி எடுக்கிற பாதாளக் கரண்டியைத் தயவுசெய்து இறக்காதீர்கள், கோழியைக் கிழித்துவிடும். முடியவில்லையா, 101. தீயணைப்புத் துறைக்காரர்கள் கிணற்றில் விழுந்த மாட்டையும் தூக்குகிறார்கள், நாயையும் தூக்குகிறார்கள். ஒரு கோழிக்காகக் கூப்பிடுவதா என்று வெட்கப்பட வேண்டாம். உங்களைத் தூக்குவதற்காக அவர்களை வரவழைப்பதைவிட அது மேல்.

இனி கோழி உண்மையில் எங்கே இருக்கும் என்று பார்ப்போம். காணாமல் போகிற பெட்டைகளில் கணிசமானவை காணாமலே போகவில்லை. அடைக்கு உட்கார்ந்திருக்கின்றன.

கடந்த இரண்டு வாரத்தை யோசித்துப் பாருங்கள். கொண்டை சிவந்திருந்ததா? கேறிக்கொண்டே திரிந்ததா? முட்டையிட்டுவிட்டு வந்த கோழி மாதிரிக் கொக்கரித்ததா? ஆனால் கூட்டில் மட்டும் முட்டை இல்லையா? அப்படியானால் அது வேறெங்கோ கள்ளத்தனமாக முட்டை வைத்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் மேலே உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் 21 நாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை, பதினைந்து இருபது நிமிஷம்தான் எழுந்து வரும். அவசர அவசரமாகக் கொத்தும், தண்ணீர் குடிக்கும், மண்ணில் ஒரு புரளல், வழக்கத்தைவிடப் பெரிதாக, நாற்றமாக ஓர் எச்சம். உடனே போய்விடும். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அது வந்துபோனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. செத்துப்போச்சு என்று கை கழுவிய கோழி மூன்றாவது வாரம் குஞ்சுகளோடு வாசலில் வந்து நிற்பது இப்படித்தான்.

அதைப் பிடிக்கத் துரத்தக் கூடாது. முற்பகலிலும் மத்தியானத்திலும் வழக்கமான இடத்தில் நொய்யையோ கம்பையோ போட்டுவிட்டு, தள்ளி ஒரு நிழலில் பேசாமல் உட்காருங்கள். வந்தால் தின்ன விடுங்கள். திரும்பிப் போகும்போது தூரத்திலிருந்து பாருங்கள். நேராகப் போகாது. அங்கே நிற்கும், இங்கே கொத்தும், உங்களைத் திரும்பிப் பார்க்கும். பின்னாலேயே போனால் கூட்டுக்குப் போகாமல் ஊரைச் சுற்றிக் காட்டும். இதற்குப் பொறுமை வேண்டும். பொறுமை இல்லாதவர்கள்தான் புதருக்குள் கையை விடுகிறார்கள்.

அங்கேதான் பாம்பு.

கோழி மறைவாக முட்டை வைக்கத் தேர்ந்தெடுக்கிற இடத்தின் லட்சணம் என்ன? இருட்டு, காய்ந்த தரை, ஆள் நடமாட்டம் இல்லாத மூலை, மேலே ஒரு மறைப்பு. அடுக்கிய செங்கல், விறகு, தென்னை மட்டைக் குவியல், கவிழ்த்துப் போட்ட பழைய சிமென்ட் தொட்டி, சரிந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பாம்புக்கும் வேண்டியது இதே இடம்தான். சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். சாரையும் நல்ல பாம்பும் முட்டைக்கும் குஞ்சுக்கும் நேராகவே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால் பொந்துகளில் தண்ணீர் ஏறி, அவையெல்லாம் மேட்டைத் தேடி வீடுகளுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நீங்கள் கையை விடுகிற பொந்தில் உங்கள் கோழி இருக்கலாம். கோழி எழுந்துபோன பிறகு வந்து சுருண்டதும் இருக்கலாம்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கு சராசரி 58,000 பேர். பெரும்பாலான சாவுகள் கிராமப்புறங்களில்தான். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது சும்மா இல்லை.

ஆகவே கண் போகாத இடத்துக்குக் கை போகக் கூடாது. நீளமான கழியால் முதலில் தட்டுங்கள். நல்ல டார்ச் எடுங்கள், செல்போன் வெளிச்சம் போதாது. காலில் பூட்ஸோ ஷூவோ போடுங்கள். அடைக்கோழி மேலே தட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும், அது ஒரு தனிச் சத்தம், கேட்டவருக்கு மறக்காது. புஸ் என்று சீறல் கேட்டால் பின்வாங்குங்கள். கட்டுவிரியன் அந்தச் சீறலையும் பெரும்பாலும் தராது. ராத்திரியில் திரியும், கடித்த இடத்தில் வலியே இருக்காது, எறும்பு கடித்தது என்று படுத்துவிடுவார்கள். விடியும்போது வயிற்றுவலி, கண் இமை கீழே இறங்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சு நிற்கும். தேடிவிட்டு வந்த ராத்திரி வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால் அஜீரணம் என்று சோடா கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது, மந்திரிக்கப் போகக் கூடாது. மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றுங்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குத் தூரம் இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் போடுகிறார்கள், அதனால் பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

அந்த விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷம் நம் மாவட்டத்திலிருந்தே போகிறது என்பது பலருக்குத் தெரியாது. வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் அதை எடுத்துக் கொடுக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்பேர்ப்பட்டவர்கள் வாழ்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு, யூடியூப் பார்த்துவிட்டுப் பாம்பு வாலைப் பிடிக்கிற பிள்ளைகளை என்ன சொல்வது! வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லிவிட்டு, பாம்பு போன திசையைக் கண்ணால் மட்டும் பின்தொடருங்கள்.

அடையும் இல்லை, கிணறும் இல்லை என்றால் அடுத்தது மேலே பாருங்கள். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. பொழுது சாய்ந்தபோது எங்கே இருந்ததோ அங்கேயே எதிலாவது ஏறி உட்கார்ந்துவிடும். முருங்கைக் கிளை, காம்பவுண்டு சுவர், மாடிப்படி, நிறுத்தி வைத்த பைக். பக்கத்து வீட்டு குட்டியானை வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்த கோழி விடியற்காலை வண்டியோடு மார்க்கெட்டுக்கே போய்விடவும் கூடும், டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இருட்டில் உட்கார்ந்திருக்கும் கோழியைப் பிடிப்பது சுலபம், சத்தம் போடாமல் இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்கலாம். ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் ராத்திரியில் போகாதீர்கள்: தண்டவாளம். தாம்பரம் – செங்கல்பட்டு இடையே மூன்றாவது பாதையும் வந்துவிட்டது. ஒரு ரயில் போய்விட்டது என்று காலை வைத்தால் மறைவில் இன்னொன்று வருகிறது. தண்டவாளத்தில் அத்துமீறி நடந்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. ஆனால் அந்தப் பாதையில் பயப்பட வேண்டியது அபராதத்துக்கு அல்ல.

விடிந்ததும் தடயம் பாருங்கள். கொத்துக் கொத்தாக இறகு, இழுத்துப்போன தடம் இருந்தால் பெரும்பாலும் நாய். ஒரே இடத்தில் வட்டமாக இறகைப் பிய்த்துப் போட்டிருந்தால் பறவை. கழுத்தில் கடித்து, தலையைத் தின்று, உடம்பை விட்டுப் போயிருந்தால் கீரியோ மரநாயோ பூனையோ. முட்டை ஓடு உடைந்து கிடந்தால் கீரி. ஓடுகூட இல்லாமல் முட்டை மறைந்திருந்தால் பாம்பு. இவை சாட்சிதான், தீர்ப்பு அல்ல. ஒன்றின் வேலையின் மேல் இன்னொன்று வந்து மேய்ந்திருக்கும்.

நாய் வாயில் கோழி இருக்கிறது, இன்னும் துடிக்கிறது என்றால் பாய்ந்து பிடுங்கத்தான் தோன்றும். கையை நீட்டாதீர்கள். தண்ணீரை வீசுங்கள், தகரத்தைத் தட்டுங்கள். கடியோ நகக்கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள், அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போடுங்கள். ரேபீஸ் பாலூட்டிகளுக்கு வருகிற நோய். கோழிக்காகக் கவலைப்பட வேண்டாம், உங்களுக்காகக் கவலைப்படுங்கள். அறிகுறி தெரிந்த பிறகு அதற்கு மருந்து இல்லை.

கோழியைத் தின்றது கீரி என்று தெரிந்ததும் சிலருக்கு ஆத்திரம் வரும். கண்ணி வைப்பார்கள். கீரி, மரநாய், உடும்பு, நரி எல்லாம் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை; கொன்றால் வழக்கு. அதைவிட மோசம், கூட்டைச் சுற்றிக் கம்பி கட்டி வீட்டு மின்சாரத்தை விடுவது. அதில் முதலில் மாட்டுவது கீரி என்பதற்கு என்ன உத்தரவாதம்? காலைக்கடனுக்கு இருட்டில் எழுந்த பெரியவராக இருக்கலாம், பந்து எடுக்க வந்த குழந்தையாக இருக்கலாம். சின்னக் கண் உள்ள வலை, தரைக்குள் அரையடி புதைத்த கம்பி, நல்ல தாழ்ப்பாள். செலவும் குறைவு, பாவமும் இல்லை.

மனிதன் எடுத்திருக்கலாமா? எடுத்திருக்கலாம். நாட்டுக்கோழிக்கு இன்று இருக்கிற விலைக்கு எடுக்க மாட்டான் என்று சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து வீட்டில் கோழிக்குழம்பு வாசம் வந்தது என்பதை வைத்துக்கொண்டு தெருவில் நின்று கத்தாதீர்கள். விடுதிகளிலும் கடைகளிலும் கேமரா இல்லாத தெரு இப்போது இல்லை. சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை மட்டும் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலானோர் காட்டுவார்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவில், ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான திருட்டுக்கு, முதல் தடவை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. சட்டமே கோழித் திருட்டை அந்த அளவில் வைத்திருக்கும்போது நாம் அரிவாளைத் தூக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் படம் போடும்போது ஒன்று செய்யுங்கள்: காலில் உள்ள அடையாளத்தையோ இறகின் ஒரு மச்சத்தையோ சொல்லாமல் வையுங்கள். கோழி என்னிடம்தான் இருக்கிறது, முதலில் பணம் அனுப்புங்கள் என்று யாராவது அழைத்தால் அந்த அடையாளத்தைக் கேளுங்கள். பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே பேசுங்கள்.

கடைசியாக, தேடியது கிடைத்து, அது செத்துக் கிடந்தால். உடம்பு சூடாகத்தானே இருக்கிறது என்று சட்டியில் போடாதீர்கள். நோயுற்ற கோழி மற்றவற்றிடமிருந்து ஒதுங்கி மூலையில் போய்த்தான் சாகும். எலிமருந்து தின்ற கோழியும் அப்படியே. வெள்ளைக்கழிச்சலா, பறவைக் காய்ச்சலா, விஷமா என்று பார்த்த மாத்திரத்தில் உங்களால் சொல்ல முடியாது. வெறுங்கையால் தொடாமல் உறை போட்டு எடுத்து, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஏரியில் வீசினால் தண்ணீரும் கெடும், தின்ன வரும் நாயும் காக்கையும் நோயை அடுத்த தெருவுக்குத் தூக்கிப்போகும். ஒன்றுக்கு மேல் செத்தாலோ காக்கைகளும் சேர்ந்து விழுந்தாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். உயிரோடு திரும்பி வந்ததையும் நேராக மற்றவற்றோடு விடாமல் இரண்டு வாரம் தனியாக அடைத்து வையுங்கள்.

பொத்தேரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன, புறக்கடைக் கோழி வளர்ப்புக்குப் பயிற்சியும் தருகிறார்கள். கூடு எப்படிக் கட்டுவது, அடை எங்கே வைப்பது என்று அங்கே போய்க் கேளுங்கள். எட்டு வாரம் தாண்டிய கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை அரசு கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கெல்லாம் முன்னால், இதைப் படித்து முடித்த கையோடு எழுந்துபோய் சம்ப் மூடியை ஒழுங்காக மூடிவிட்டு வாருங்கள்.